நெஞ்சு படபடக்காத மாப்பிள்ளை

திருமணம் நடத்திவைக்கப் புதிதாக உரிமம் வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். இனி உங்கள் சனி, ஞாயிறுகளை மறந்துவிடுங்கள். சமோசாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாரா வாரம் அதுதான் உங்கள் மதிய உணவு. சட்டம் என்ன சொல்கிறது, சாட்சிகள் எங்கே நிற்க வேண்டும், கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. உங்கள் எதிரே நிற்கும் இரண்டு பேரின் முகத்தில் என்ன தெரிந்தால் நிம்மதியாக மேலே போகலாம், என்ன தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது.

பதிவுத் திருமணத்தை நடத்திவைக்கும் நமக்குச் சட்டத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. நம் ஜனங்களின் வாயில் அது நுழைவதில்லை. திருமணப் பதிவகத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, பதிவுத் திருமணத்தையே அவர்கள் ‘ரோம்’ என்பார்கள். அதனால் நான் ஓய்வுபெறும்வரைக்கும் ‘ரோம் ஆன்ட்டி’யாகவே இருந்தேன். இப்போதும் புக்கிட் மேரா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஓடிவந்து, “ரோம் ஆன்ட்டி, எங்களை ஞாபகம் இருக்கா?” என்பார்கள். இருக்காது. ஆனாலும் “ஏன் இல்லாம?” என்று சொல்லிவைப்பேன்.

என் அம்மா காலத்தில் உணர்ச்சியெல்லாம் வயிற்றில் குடியிருந்தது. பொறாமை வந்தால் வயிறு எரியும். பயம் வந்தால் வயிற்றைக் கலக்கும். நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். பிறகு சினிமா வந்து அத்தனையையும் நெஞ்சுக்கு வீடு மாற்றிவிட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் மெய்ப்பாடு என்று படித்திருப்பீர்கள். பழைய இலக்கணக்காரர்கள் உணர்ச்சிக்கு வைத்த பெயர் அது. மெய் என்றால் உடம்பு. உடம்பில் தெரிந்து, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டால்தான் அவர்களுக்கு அது கணக்கு. இன்றைக்கு நாம் நேர்மாறாகப் பேசுகிறோம். உள்ளே இருப்பதுதான் நிஜம், வெளியே தெரிவது நடிப்பாகக்கூட இருக்கலாம் என்கிறோம். ஆனால் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்து காட்டாவிட்டாலும் விட மாட்டோம், வீடியோ எடுக்க வேண்டுமே.

மோகம், பித்து என்பதெல்லாம் ஒரு காலத்தில் காய்ச்சல் மாதிரி. பிடித்தவர்களை மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். இப்போது தீராத ஈடுபாடு என்ற பொருளில் அதற்குப் ‘பேஷன்’ என்று பெயர், அது இல்லாவிட்டால் வேலைகூடக் கிடைக்காது. என் தங்கை மகள் பேரங்காடியில் பொருள் அடுக்கும் வேலைக்குப் போனபோது, “உன் பேஷன் என்ன?” என்று கேட்டார்களாம். என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். மூட்டை மேல் உங்களுக்குப் பேஷன் உண்டா என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால், கேட்டவர் தலையில் ஒரு மூட்டையை இறக்கியிருப்பார்.

சம்மதம் சொல்லும் விதமும் இப்படித்தான் மாறியிருக்கிறது. எங்கள் பதிவின்போது சம்மதமா என்று அதிகாரி கேட்க, நான் தலையைக் குனிந்தபடி “ம்” என்றேன். குரல் வர வேண்டும் என்றார் அவர். இன்னொரு “ம்” கொஞ்சம் பலமாகச் சொன்னேன். ‘நீ சம்மதம் சொன்னியா, தும்முனியான்னு எனக்கு இன்னும் தெரியல’ என்று என் வீட்டுக்காரர் இப்போதும் கிண்டல் செய்வார். அன்றைக்கு ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து “சம்மதம்” என்று கணீரென்று சொல்லியிருந்தால் சபை முகம் சுளித்திருக்கும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு பெரியவர், யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் அவருடன் கூடப்போய் ஓரமாக நின்று கவனிப்பேன். ஒருமுறை மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் பதிவு நடந்தது. மணப்பெண் வந்து நின்றதிலிருந்து அழுகை. விசும்பல் இல்லை, தோள் குலுங்கும் அழுகை. சுற்றிலும் இருந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்கோ” என்று அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். என்னையும் வரச் சொன்னார்.

“பிள்ளை, உமக்கு இந்தக் கல்யாணம் விருப்பம் இல்லையோ? பயப்பிடாமல் சொல்லும்.”

அந்தப் பெண்ணின் அழுகை பொசுக்கென்று நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ, விருப்பம்தான் சார். அழாம நின்னா எங்க அத்தை ஆளுங்க என்ன சொல்வாங்க? கல்யாணத்துக்கு அலையறான்னு பேசுவாங்க” என்றாள். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போனாள், விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

மின்தூக்கியில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “கேட்டபடியால்தான் சிரிக்கிறம். கேளாமல் விட்டிருந்தால் இண்டைக்கு எனக்கு நித்திரை வராது” என்றார். பிறகு சொன்னார்: “கல்யாணம் செய்துவைக்கிறது ஐயரின்ரை வேலை. எங்கட வேலை கேள்வி கேக்கிறது. மறுமொழியை நாங்கள் செய்துகுடுக்கக் கூடாது.” அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு கஷ்டமானது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

இப்போது அழுகை மாப்பிள்ளை பக்கம் போய்விட்டது. பெண் கதவைத் திறந்து நடந்து வரும்போது மாப்பிள்ளை கண் கலங்க வேண்டும். கலங்காவிட்டால் வீடியோக்காரர் பெண்ணைத் திரும்பக் கதவுக்கு வெளியே அனுப்பி, மறுபடி நடந்து வரச் சொல்கிறார். ஒரு மாப்பிள்ளை கைக்குட்டையில் தைலம் தடவி வந்ததை நானே பார்த்தேன். அவனுடைய சம்மதத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு பாடு படுகிறவனுக்குப் பெண்ணைப் பிடிக்காமலா இருக்கும்?

கிருபா கதைக்கு வருகிறேன். முழுப்பெயர் கிருபாகரன். மின்தூக்கிகளைச் சோதித்துப் பார்த்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடும் பொறியாளன். பெண் திவ்யா, பாலர் பள்ளி ஆசிரியை. முதல் சந்திப்பில் திவ்யா ஒரு காப்பி முடிவதற்குள் தங்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ள எப்படிக் கேட்டான் என்றேன். “எப்படி கேப்பான் ஆன்ட்டி? ‘வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா’ன்னு கேட்டான்” என்று சொல்லிச் சிரித்தாள். நம் ஊரில் எத்தனையோ பேர் காதலைச் சொல்லும் வாசகம் அதுதான், கல்யாணம் நிச்சயமானால்தானே அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். கிருபா அவள் பேசி முடிக்கும்வரை மேசையில் சிந்தியிருந்த காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்: “ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க கேக்கப்போற கேள்வி எக்ஸாக்ட்டா என்ன?” சொன்னேன். அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், உணவகத்தின் மாடிக்கூடத்தில். தாலி கட்டுவது சில மாதம் கழித்துக் கோயிலில். ஆனாலும் திவ்யாவின் அம்மா இதற்கும் நல்ல நேரம் பார்த்திருந்தார். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் முடிய வேண்டும் என்று எனக்கு அந்த வாரம் முழுக்கக் குறுஞ்செய்தி. கீழே மல்லிகைக் கடைகளைத் தாண்டி நான் படியேறும்போதே கிருபாவின் நண்பன் வழிமறித்தான். மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேச வேண்டுமாம்.

கூடத்துக்குப் பின்னால் குளிர்பானப் பெட்டிகளும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கியிருந்த அறையில் கிருபா நின்றிருந்தான். பட்டு ஜிப்பா, கையில் கைப்பேசி, முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆன்ட்டி, இந்த வாவ்ஸ் நான் எழுதல. போன்ல கேட்டு வாங்கினேன், ஏஐ எழுதிக் குடுத்துச்சு.”

இப்போது பதிவின்போது ஒருவருக்கொருவர் ‘வாவ்ஸ்’ என்று உறுதிமொழி வாசிப்பது வழக்கமாகிவிட்டது. “பாதிப் பேரு அப்படித்தான் வாங்கிட்டு வராங்க. அதுக்கா இந்த முகம்?” என்றேன்.

“அதுக்கில்ல. இப்பத்தான் சத்தமா படிச்சுப் பார்த்தேன். ‘உன்னைக் காணும்போதெல்லாம் என் இதயம் படபடக்கிறது’ன்னு இருக்கு. எனக்குப் படபடக்கல ஆன்ட்டி.” கையை நீட்டினான். மணிக்கட்டில் நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம். “அவ சேலை கட்டிட்டு இறங்கி வந்தப்போ பார்த்தேன். எழுபத்திரண்டு. ஆபீஸ்ல இருக்கும்போதும் எழுபத்திரண்டுதான்.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நல்லவேளை, அவன் கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

“ஓட்டிப் பார்க்காத லிஃப்டுக்கு நான் ஓகே எழுத மாட்டேன். இத்தனை பேர் முன்னாடி, உங்க முன்னாடி, இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் சொல்றாங்க, வந்தா தெரியும்னு. எனக்கு எதுவும் தெரியல லா. ஒருவேளை இது லவ்வே இல்லையோ?”

இந்த இடத்தில் உங்கள் வாய்க்கு ஒரு பதில் வரும். எனக்கும் வந்தது: ‘இதெல்லாம் டென்ஷன் தம்பி, எல்லாருக்கும் வரும், போய் நில்லு.’ சொல்லியிருந்தால் போய் நின்றிருப்பான். மரியாதைக்காரப் பையன். கல்யாணமும் முடிந்திருக்கும், சம்மதம் என்னுடையதாக இருந்திருக்கும். இன்னொரு வழியும் உண்டு, கூடத்துக்குப் போய் இன்றைக்கு நடக்காது என்று அறிவிப்பது. சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் அதுவும் அவனுக்காக நான் பதில் சொல்வதுதான்.

“கல்யாணம் வேணாமா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்லல.”

“வேணுமா?”

கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தான்.

“வேற யார்கிட்டயாவது இதைச் சொன்னியா?”

“இல்ல. அவகிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. எது நடந்தாலும் அவகிட்டதான் மொதல்ல சொல்வேன். இன்னைக்குப் போய் இதை எப்படிச் சொல்றது?”

அந்தப் பதிலுக்குள் ஒரு கல்யாணமே இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவது அங்கே செல்லாது. “சொல்லிடு. அவளுக்குத் தெரியாம நான் கேள்வி கேக்க மாட்டேன்” என்றேன்.

திவ்யாவைக் கூப்பிடக் கதவைத் திறந்தால் அவள் அம்மா நிற்கிறார்.

“அக்கா, நாலரைக்கு ராகு காலம்.”

“தெரியும்மா. கொஞ்ச நேரம் குடுங்க.”

திவ்யா உள்ளே வந்தாள். “என்ன, எஸ்கேப் ஆகப் பிளானா?” என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள். அவன் சொன்னான். சுற்றி வளைக்காமல், கடிகாரத்தில் பார்த்ததுவரை சொன்னான். அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் உணர்ச்சி இன்னும் பழைய விலாசத்தில்தான் இருக்கிறது.

“அப்ப வீட்டுக்காகத்தான் கேட்டியா?”

“இல்ல.”

“பின்ன? என்னைப் பார்த்தா உனக்கு ஏதாவது தோணுதா, இல்லையா?”

அவன் யோசித்தான். இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளைகள் யோசிக்கக் கூடாது என்பது இன்றைய ஊர் வழக்கம். அவன் நிஜமாகவே யோசித்தான்.

“நீ பக்கத்துல இருந்தா தலைக்குள்ள சத்தம் குறையுது. லிஃப்ட் வந்து தரையோட லெவலா நிக்கும் பாரு, கீழ பார்க்காம, கால் தடுக்காம இறங்கலாம். அந்த மாதிரி. அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல.”

“நான் லிஃப்டா?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. குரல் உடைந்திருந்தது.

அவனை வெளியே அனுப்பினேன். இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் தடுமாறினால் நம் கவனம் முழுக்கத் தடுமாறுகிறவர் மேலேயே போகும். ஆனால் அவன் உண்மையைச் சொல்லி முடித்தபோது அவனைப் பற்றிய கவலை எனக்குப் பாதி குறைந்துவிட்டது. இப்போது அவளுடைய சம்மதம்தான் கேள்வி. காலையில் அவள் சம்மதித்துக் கிளம்பியது நெஞ்சு படபடக்கும் ஒரு மாப்பிள்ளைக்கு. இவனைக் கட்டிக்கொள்ள அவளை இன்னும் யாரும் கேட்கவே இல்லை.

“திவ்யா, நீ வேணாம்னு சொன்னா நான் வெளிய போய் இன்னைக்கு நடக்காதுன்னு சொல்லிடுவேன். ஏன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

“அம்மா செத்துருவாங்க ஆன்ட்டி.”

“அம்மாவை நான் பார்த்துக்கறேன். நான் உன்னைக் கேக்கறேன்.”

ஒரு பானப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். பட்டுச் சேலையில் தூசி படுமே என்று எனக்குப் பதறியது. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

“என் ஃப்ரெண்ட்ஸ் வீடியோவுல எல்லாம் மாப்பிள்ளைங்க தேம்பித் தேம்பி அழுவாங்க. எனக்கும் அப்படி ஒருத்தன் அழணும்னு ஆசை. தப்பா?”

“தப்பில்ல. ஆசைப்படலாம்.”

“கிருபாவுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். எனக்காக உயிரையே விடுவேன்னு சொல்வான். என்னைப் பார்த்தா அவனுக்குக் கை நடுங்கும். கோவம் வந்தாலும் அதே கைதான் நடுங்கும். ஒருநாள் என் போனைச் செவுத்துல அடிச்சான். அன்னைக்கு எம்ஆர்டி ட்ரெயின்ல வீட்டுக்குப் போறவரைக்கும் என் நெஞ்சுதான் அடிச்சிட்டே இருந்துச்சு.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “பயத்துக்கும் லவ்வுக்கும் ஒரே படபடப்புதான் ஆன்ட்டி. ஆனா அது இல்லாம கட்டிக்கிட்டா, ஒருநாள் அது வேணும்னு தோணிட்டா?”

மோகத்தைக் காய்ச்சலென்று பயந்த அந்தக் காலத்து மனிதர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் அந்தக் காய்ச்சலில் சுவரில் மோதி உடைந்ததைப் பார்த்தவர்கள். அது இல்லாத கல்யாணம் எதற்கு என்று கேட்கும் இன்றைய பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன், சமையலறையில் வாய்பேசாமல் வாழ்ந்து முடித்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தேன்.

கதவு தட்டப்பட்டது. “அக்கா! நாலரை ஆயிடுச்சு!”

“ஆகட்டும்மா!” என்றாள் திவ்யா உள்ளிருந்தே. “நான் யோசிக்கணும்.”

வெளியே போனேன். கூடத்தில் சமோசா தீர்ந்துகொண்டிருந்தது. கிருபா தன் வருங்கால மாமனாருக்குப் பக்கத்தில், பல் பிடுங்கக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான். திவ்யாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னக்கா பிரச்சனை?”

“பிரச்சனை இல்லம்மா. பொண்ணு யோசிக்கறா.”

“இப்ப வந்து என்ன யோசனை? நாங்கல்லாம் யோசிச்சா...” பாதியில் நிறுத்தினார். மூடிய கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். “என்னை யாரு யோசிக்கச் சொன்னாங்க? அவளாவது யோசிக்கட்டும். நான் யாரையும் உள்ள விடல.”

ஓர் உறவுக்காரர் ராகு காலத்தை நினைவூட்ட வந்தார். வந்தவரை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். “தாலி கோயில்லதானே கட்டப்போறோம்? இது கவர்மென்ட் வேலை. கவர்மென்ட்டுக்கு ஏது ராகு காலம்?” வாரம் முழுக்க எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய அதே அம்மாள்தான்.

சமோசா முடிந்து பஜ்ஜி வந்தபிறகு கதவு திறந்தது. திவ்யா கிருபாவைக் கூப்பிட்டாள், என்னையும் கூப்பிட்டாள்.

“வாட்சைக் கழட்டு.”

கழற்றினான். தன் வளையலைத் தள்ளிவிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். கடிகாரம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. நூறைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அவன் பயந்துபோய், “திவ்யா, உக்காரு” என்றான்.

“பார்த்தியா? ரெண்டு பேருக்கும் சேர்த்து என்கிட்ட இருக்கு. போதும் லா. நீ லெவலா நில்லு.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

“அந்த வாவ்ஸ் வேணாம். என்கிட்ட சொன்னதைச் சொல்லு.”

“லிஃப்டையுமா?”

“லிஃப்டையும்தான்.”

நான் அத்தோடு விடவில்லை. இருவரையும் தனித்தனியாக நிறுத்தி மறுபடி கேட்டேன். அவன் இந்த முறை யோசிக்கவில்லை. அவள், “நான் யோசிச்சு முடிச்சிட்டேன் ஆன்ட்டி” என்றாள். அதன் பிறகுதான் கூடத்துக்குப் போனோம்.

கிருபா கையில் எதுவும் இல்லாமல் நின்றான். “என் இதயம் படபடக்குதுன்னு சொல்ல எழுதி வச்சிருந்தேன். அது பொய்” என்று ஆரம்பித்தான். கூடத்தில் ஒருவருடைய பஜ்ஜி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. “நீ பக்கத்துல இருந்தா தலைக்குள்ள சத்தம் குறையுது. லிஃப்ட் தரையோட லெவலா நிக்கிற மாதிரி. எது நடந்தாலும் உன்கிட்டதான் மொதல்ல சொல்வேன். சொல்லப் பயமா இருந்தாலும் சொல்வேன். இதுக்கு நான் கேரண்டி.” வீடியோக்காரர் அவன் கண்ணுக்கு வெகு அருகில் கேமராவைக் கொண்டுபோய்க் காத்திருந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. பாவம், அவர் கேமராவை மாமியார் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே வேண்டிய அளவு இருந்தது.

சாட்சிகள் பக்கத்தில் வந்து நின்றார்கள். முதலில் கிருபாவைக் கேட்டேன். கேள்வியைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தெளிவாகச் சொன்னான். பிறகு திவ்யா பக்கம் திரும்பினேன்.

“திவ்யா, கிருபாகரனைச் சட்டப்படி...”

“ஆமா!”

கூடம் சிரித்தது. “இரும்மா, கேள்வி முடியல” என்றேன். மறுபடி ஆரம்பித்தேன். கணவன் என்ற சொல் வருவதற்குள், “ஆமா, ஆமா” என்றாள். இப்போது சாட்சிகளும் சிரித்தார்கள், என் குரலிலும் சிரிப்பு கலந்துவிட்டது. கேள்வி முழுதாகக் கேட்கப்படாமல் வந்த பதிலை நான் எடுத்துக்கொள்ள முடியாது. கிருபா அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து, “திவ்யா, ஆன்ட்டி முடிக்கட்டும்” என்றான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டுமென்றே மெதுவாகக் கேட்டேன், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு. கேள்வி முடிந்தது. அவனை ஒருமுறை பார்த்தாள், கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், “சம்மதம்” என்றாள்.

முதல் இரண்டும் அவளுடைய நெஞ்சு சொன்னவை. மூன்றாவதை அவள் சொன்னாள். நான் பதிவு செய்தது அதைத்தான்.